டர்போ புகைக்கிறதா? ஆயில் பைப்பைப் பார்க்காமல் புது டர்போ போட விடாதீர்கள்

என் டீசல் காரில் நீலப் புகை, ஆயில் அளவும் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்த கையோடு, "டர்போ போச்சு சார், மாத்தியே ஆகணும்" என்றார்கள். இன்ஜினின் புகைக் காற்றில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்தான் டர்போ. மாற்றினார்கள். கொஞ்ச நாளிலேயே புது டர்போ ஊளையிட ஆரம்பித்தது, அப்புறம் அதே புகை. திரும்பப் போய்க் கேட்டால், "நீங்க ஓட்டுற விதம் அப்படி, வாரண்டி வராது, இன்னொண்ணு போடலாம்" என்கிறார்கள். வயிறு எரிந்துவிட்டது.

வேறொரு மெக்கானிக் முதலில் செய்தது, டர்போவுக்கு ஆயில் வரும் சின்ன பைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியதுதான். மறுபக்கம் தெரியவே இல்லை. உள்ளே கறுப்பாகக் கெட்டிப்பட்ட கரி, அதன் போல்ட்டில் இருக்கும் துளையிலும் கரி. கீழே ஆயில் திரும்பி இறங்கும் பைப்பின் வாயில், கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தடவிய பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கிப் பாதி வழியை அடைத்திருந்தது. அது பழைய பேஸ்ட் இல்லை, புது டர்போ மாட்டியவர்கள் தடவியது.

டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது பேரிங்கில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான், அது அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். உள்ளே போன ஆயில் தன் எடையில்தான் சம்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்க வேண்டும். அந்த வழி அடைத்தாலோ, பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) அடைத்து இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறினாலோ, ஆயில் சீலைத் தாண்டிக் கசிந்து புகையாகிவிடும், டர்போ நன்றாக இருந்தாலும்கூட. என் பழைய டர்போ உண்மையிலேயே போயிருந்ததா என்று பார்க்கவும் வழியில்லை, அதைத் திருப்பித் தரவே இல்லை.

அதனால் கழற்றிய டர்போவைக் கையில் வாங்குங்கள். ஷாஃப்ட் பக்கவாட்டில் லேசாக ஆடுவது சாதாரணம், முன்னும் பின்னுமாக நன்றாக ஆடினாலோ இறக்கை உரசியிருந்தாலோதான் கவலை. புதுசு போடுவதானால் ஆயில், ஃபில்டர், ஆயில் வரும் பைப் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், சம்பில் ஆயிலை வடிகட்டும் வலையான ஸ்ட்ரெய்னரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்ற வேண்டும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக் கட்டாயம் வடிக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்: டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வேகமெடுத்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.