மான்டெலுகாஸ்ட் மாத்திரை: பல வருடம் போட்டவன் சொல்வது

சித்தப்பா மகன் கேட்டான்: "அண்ணா, பாப்பாவுக்கு இழுப்புக்கு மான்டெலுகாஸ்ட் எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க போட்டீங்கல்ல, எப்படிங்?" போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது பல்லடத்தில், விசைத்தறிகளுக்கு நடுவே. பஞ்சுத் தூசிக்குக் குறைவில்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பினால் புழுதியும் சேர்ந்துகொள்ளும். செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை மட்டும் போட்டபோது தும்மல் நின்றது, நெஞ்சு இழுப்பது நிற்கவில்லை. ஒவ்வாத தூசி பட்டதும் உடம்பின் காவல் செல்களான மாஸ்ட் செல்கள், தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமினைக் கொட்டுவதோடு லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருட்களையும் தயாரித்து விடுகின்றன. மூச்சுக்குழாயை இறுக்குவதில் இவை ஹிஸ்டமினைவிடப் பல நூறு மடங்கு வலியவை. ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும் செட்ரிசினுக்கு இவற்றிடம் வேலையே இல்லை. மான்டெலுகாஸ்ட்தான் இவை போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இவற்றை இன்னவை என்று 1979ல் கண்டு சொன்ன ஸ்வீடன் விஞ்ஞானி சாமுவேல்சனுக்கு 1982ல் நோபல் கிடைத்தது. கொடுத்தது நியாயம்தான் என்பேன், ஏனென்றால் மாத்திரை எனக்கு அவ்வளவு நன்றாகக் கேட்டது. விடியற்காலை இருமல் போனது. தறி ஓடும் கொட்டகைக்குள் நின்று பேச முடிந்தது.

ஆனால் தூக்கம்! ராத்திரி மாத்திரை போட்டுப் படுத்தால் யாரோ துரத்துவது போலவே கனவு. வேர்த்து எழுந்து உட்காருவேன். "ஏனுங்க இப்படிக் கத்தறீங்க?" என்று வீட்டில் விளக்கைப் போடுவாள். பகலில் காரணமில்லாத எரிச்சல் வேறு. மாத்திரைதான் காரணமாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்திருக்கிறது. எல்லோருக்கும் வராது, சரி. வரலாம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதுமே! இன்னும் ஆறவில்லை எனக்கு.

அப்புறம் வேறு டாக்டர் புடசோனைடு, ஃபார்மோடரால் சேர்ந்த இன்ஹேலருக்கு மாற்றினார். அதிலுள்ள புடசோனைடு என்ற ஸ்டீராய்டு மூச்சுக்குழாயின் வீக்கத்தையே அடக்குகிறது; ஃபார்மோடரால் இறுகிய குழாயைத் தளர்த்துகிறது. மருந்தை உள்ளே இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கம் திரும்பி வந்தது.

நெஞ்சுக்கு அந்த மாத்திரை முழு மார்க் வாங்கும். என் வீட்டுக்குள் மட்டும் இனி வராது. பாப்பாவுக்கு இன்ஹேலர் மட்டும் போதுமா என்று டாக்டரிடம் கேள். மாத்திரை வேண்டும் என்றால் கொடு, ஆனால் அவள் தூக்கத்தையும் கோபத்தையும் கவனி. மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு. பொம்பளைப் பிள்ளைக்கு இன்ஹேலர் எதற்கு, ஊர் என்ன பேசும் என்று சித்தி சொன்னால், நான் வந்து பேசுகிறேன்.