8,500 ரூபாய் போச்சு: பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்னும் கோபம் அடங்கவில்லை. முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன சனிக்கிழமை சென்னையில் ஒரு பழைய கேமரா கடையில் 8,500 ரூபாய் கொடுத்து லென்ஸ் ஒன்று வாங்கினேன். இன்று வெள்ளி. லென்ஸ் மேஜைமேல் சும்மா கிடக்கிறது, பணம் கடைக்காரரிடம் இருக்கிறது. கடையின் பெயரைப் போடவில்லை. குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் கண்ணாடி அலமாரி நிறைய பழைய லென்ஸ் அடுக்கியிருக்கும் கடை என்பதோடு விடுகிறேன். முதல் லென்ஸாக எதை வாங்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி3500. புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் வாங்கும் கேமரா. கூட வந்த 18-55 கிட் லென்ஸை வைத்துத்தான் இரண்டு வருடம் ஓட்டினேன். பகல் வெளிச்சத்தில் குறையே சொல்ல முடியாது. மண்டபத்துக்குள் போனால் திணறும். 55-க்கு ஜூம் இழுத்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸ் அகலமாகத் திறக்கும்), வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு. எஃப் 1.8 வரை திறக்கும் 50 எம்எம் லென்ஸ் இருந்தால் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். புதிதாக வாங்கக் கையில் காசில்லை. அதனால் பழையது.

கடைக்காரர் பெரியவர். "என்ன பாடி தம்பி?" என்று, அதாவது எந்தக் கேமரா என்று, முதலில் அவர்தான் கேட்டார். டி3500 என்று தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினார். என் கேமராவை நான் கொண்டுபோகவில்லை, பேட்டரி வீட்டில் சார்ஜில் இருந்தது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அவர் கடையில் இருந்த வேறொரு கேமராவை எடுத்தார். என்னுடையதைவிடப் பெரியது. லென்ஸை மாட்டி, என் முகத்துக்கு நேராகப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தினார். டிர்ர்ரென்று லென்ஸ் சுழன்று நின்றது. "பாத்தீங்களா, ஆட்டோ ஃபோகஸ் பக்கா." லென்ஸ் மேலும் ஏஎஃப், அதாவது ஆட்டோ ஃபோகஸ், என்றுதான் எழுதியிருந்தது. எல்லாம் என் கண் முன்னால் நடந்தது, இதற்கு மேல் என்ன சந்தேகப்படுவது?

9,500 சொன்னார். எதற்கு என்று கேட்டார், வளைகாப்பு என்றேன். "அக்கா வளைகாப்பா? நம்ம வீட்டு விசேஷம் மாதிரி, 8,500 குடுங்க." அங்கேதான் விழுந்தேன். பில் கேட்டேன். "பில் போட்டா வரி ஏறும் தம்பி" என்று ஒரு துண்டுச்சீட்டில் "லென்ஸ் 1, 8,500" என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்துகூட இல்லை.

ஞாயிறு காலை மாட்டினால் திரையில் எஃப்இஇ என்று மின்னுகிறது, ஷட்டரே விழவில்லை. லென்ஸில் இருக்கும் வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்ட வேண்டுமாம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் நலங்கு பாதி முடிந்துவிட்டது. அப்புறம் ஷட்டர் விழுந்தது, ஃபோகஸ் மட்டும் அசையவே இல்லை. கையால் திருப்பித் திருப்பி எடுத்தேன். அந்தச் சின்ன வ்யூஃபைண்டரில், எஃப் 1.8-இல், அசைந்துகொண்டிருக்கும் ஆளைக் கையால் ஃபோகஸ் செய்து பாருங்கள், தெரியும். 140 படத்தில் தேறியது 11. மீதியில் அக்காவின் காது தெளிவாக இருக்கிறது, அல்லது பின்னால் இருக்கும் சுவர். கை நிறைய வளையலோடு அவள் சிரித்த படம் ஒன்றுகூட இல்லை.

அன்று இரவுதான் தேடிப் படித்தேன். அது ஏஎஃப் 50 எம்எம் எஃப் 1.8டி. அந்த லென்ஸுக்குள் ஃபோகஸைத் திருப்பும் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாயில்) நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் அதைச் சுழற்றும். நிக்கானில் டி90, டி7000 வரிசைக்கெல்லாம் அந்த மோட்டார் உண்டு. டி3000, டி5000 வரிசைகளில் கிடையாது. கடைக்காரர் எதில் மாட்டிக் காட்டினார் என்று இப்போது புரிகிறதா? லென்ஸைக் குறை சொல்லவில்லை, நல்ல லென்ஸ்தான். என் கேமராவுக்கு ஆகாது. அலமாரி நிறைய நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். (கேனான்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களுடைய ஈஎஃப் லென்ஸில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். சிரித்துக்கொள்ளுங்கள்.)

திங்கள் போன் செய்தேன். "லென்ஸ் சைடுல ஏ, எம்னு பட்டன் இருக்கும், அதைத் தள்ளுங்க." அந்த லென்ஸில் அப்படி ஒரு பட்டனே இல்லை. செவ்வாய்: "கேமரா சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணுங்க." இல்லாத மோட்டாரை அப்டேட் கொண்டுவந்துவிடுமா? புதன் அரைநாள் லீவு போட்டு நேரில் போனேன். "நம்ம கேமராவுல ஓடுச்சா இல்லையா? கோளாறு உங்க பாடிலதான்." அங்கேயே போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தேன். உள்ளே நூல் நூலாக ஃபங்கஸ், பூஞ்சை. "அது உங்க வீட்டு ஈரம் தம்பி." நாலு நாளில்! கடைசியில், திருப்பிக் கொடுத்தால் 4,000 தருகிறாராம். சனிக்கிழமை 8,500-க்கு விற்ற அதே லென்ஸுக்கு.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், எழுதும் நிலையில் இல்லை. சுருக்கமாக: உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள், அதில் மாட்டிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். மவுண்ட்டில் அந்த ஸ்க்ரூ முனை இல்லாத நிக்கான் என்றால், மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் வகையில் 50 எஃப் 1.8ஜி, இல்லையென்றால் டிஎக்ஸ் (இந்த மாதிரிச் சின்ன சென்சார் கேமராக்களுக்கான) 35 எஃப் 1.8ஜி. சின்ன வீட்டுக்குள் எடுக்க 35 மேல், சென்சார் சின்னது என்பதால் இந்தக் கேமராக்களில் 50 வைத்தால் 75 போல நெருங்கிவிடும், பின்னால் நகரச் சுவர் விடாது. டார்ச் அடித்துப் பாருங்கள். பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தப்பு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்று காலை அதில் புகார் கொடுத்துவிட்டேன். பணம் அனுப்பிய விவரமும் அந்தத் துண்டுச்சீட்டும் இருக்கின்றன. நாளை அக்கா வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த மாடிப்படி ஏறுகிறேன். 4,000 எல்லாம் வேண்டாம், 8,500.