சுஷியா, நூடுல்ஸா: டோக்கியோவில் யென்னை எங்கே செலவழிக்கலாம்?

டோக்கியோவுக்கு வேலையாகவோ சுற்றிப் பார்க்கவோ வருகிறவர்கள் கேட்கும் முதல் சாப்பாட்டுக் கேள்வி, "நல்ல சுஷி எங்கே கிடைக்கும்?" என்பதுதான். எங்கே என்பதைவிட எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள் என்பேன். சுஷியில் காசு ஏற ஏற ருசியும் ஏறும். நூடுல்ஸில் அந்தக் கணக்கு செல்லாது. ஆயிரம் யென்னை ஒட்டிய விலையிலேயே ஊரின் முதல் தரக் கிண்ணம் கிடைத்துவிடும். ஒரு யென் நம் காசில் அரை ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெல்ட்டா, கவுண்டரா?

தட்டு நகர்ந்து வரும் சுஷிக் கடையைத் தொடங்கியவர் யோஷியாகி ஷிராய்ஷி. பீர் ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்து, அதே ஏற்பாட்டை 1958-இல் ஒசாகா பக்கம் தன் கென்ரோகு சுஷி கடையில் வைத்தார். பரிமாற ஆள் குறைந்தது, விலையும் இறங்கியது. 1970-இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சி இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதுவரை விசேஷ நாள் சாப்பாடாக இருந்த சுஷி, குடும்பத்தோடு போய் வயிறாரச் சாப்பிடுகிற பண்டமானது இந்தக் கடைகளால்தான். அதனால் பெல்ட் சுஷியை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இன்று சுஷிரோ, குரா சுஷி, ஹாமா சுஷி மூன்றும்தான் பெரிய கைகள். மலிவான தட்டு 110 யென் முதல் 180 யென் வரை, பெரும்பாலும் தட்டுக்கு இரண்டு துண்டு. புறநகர்க் கிளைகளில் விலை குறைவு, நகர மையத்தில் கூடுதல். ஒருவர் 2000 யென்னுக்குள் திருப்தியாகச் சாப்பிட்டு எழலாம். மேசையிலேயே வெந்நீர்க் குழாய் இருக்கும். கோப்பையில் கிரீன் டீ தூளைப் போட்டு, கோப்பையின் விளிம்பால் கறுப்புப் பொத்தானை அழுத்தினால் வெந்நீர் கொட்டும். கொதிக்கக் கொதிக்க வரும் தண்ணீர். அதைக் கை கழுவும் குழாய் என்று நினைத்து விரலை நீட்டிவிடாதீர்கள். குழந்தைகளோடு போனால் குரா சுஷிதான் என் தேர்வு. காலித் தட்டுகளை மேசையிலுள்ள துளையில் போட்டால், ஐந்து தட்டுக்கு ஒரு விளையாட்டு திரையில் ஓடும். அதிர்ஷ்டம் இருந்தால் சின்னப் பொம்மை விழும்.

ஒரு மாற்றத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 2023 ஜனவரியில், ஒரு பையன் கடையின் சோயா சாஸ் பாட்டிலை நக்கிய வீடியோ நாடெங்கும் பரவியது. அதன்பின் பல சங்கிலிக் கடைகள் தட்டுகளைச் சும்மா ஓடவிடுவதை நிறுத்திவிட்டன. டச் ஸ்க்ரீனில் கேட்டால் தனிப்பாதையில் தட்டு நேராக உங்கள் மேசைக்கு வரும். குராவில் தட்டுகள் இன்னும் சுற்றுகின்றன, மூடி போட்டு.

சரி, இங்கே குறை என்ன? சோறுதான். மெஷின் பிடித்த சோற்றுக் கட்டி எல்லாத் துண்டுக்கும் ஒரே இறுக்கம், மேலே இருப்பது மட்டும் மாறும். சமையல்காரருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற கவுண்டர் கடையில் காசு எங்கே போகிறது என்பது அங்கேதான் விளங்கும். சமையல்காரர் பிடித்து முன்னால் வைக்கிற நிகிரி, அதாவது சோற்றுக் கட்டியின் மேல் மீன் துண்டு வைத்த சுஷி, உடல் சூட்டில் இருக்கும். வைத்த கணத்தில் சோறு மீனின் பாரத்தில் லேசாக உட்காரும். வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரியும். மேலே சோயாவை அவரே தூரிகையால் தடவியிருப்பார், வசாபி என்ற காரமான பச்சை விழுதும் உள்ளே இருக்கும். நாம் சேர்க்க எதுவும் இல்லை. கையால் எடுத்துச் சாப்பிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆறவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால்தான் அவர் முகம் மாறும்.

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், 1820-களில், ஹனாயா யோஹெய் போன்றவர்கள் பரப்பிய நிகிரி தெருவோரத்தில் அவசரமாகச் சாப்பிட்ட பண்டம். இன்று அதன் உச்சம் டோக்கியோவின் பணக்காரக் கடைவீதியான கின்சாவில் ஓர் இரவுக்கு 30,000 யென்னையும் தாண்டுகிறது. அங்கே சமையல்காரர் ஜிரோ ஓனோவின் சுகியபாஷி ஜிரோ கடை, மிச்செலின் என்ற உணவக வழிகாட்டி நூல் தருகிற மூன்று நட்சத்திரத்தை 2007 முதல் வைத்திருந்தது. பொதுமக்கள் நேரடியாக முன்பதிவு செய்ய முடியாது என்பதால் 2019-இல் மிச்செலின் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அந்த உயரத்தில் பணம் மட்டும் போதாது. பெரிய ஹோட்டல் வழியாகவோ பழைய வாடிக்கையாளர் வழியாகவோதான் நாற்காலி கிடைக்கும்.

முதல் தடவை வருகிறவர் அதன் பின்னால் ஓட வேண்டாம். என் சிபாரிசு மதிய நேரக் கவுண்டர். இரவில் இரண்டு மூன்று மடங்கு வாங்குகிற பல கடைகள் மதியம் 5,000 முதல் 10,000 யென்னுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக வரும் சுஷி வரிசை ஒன்றைத் தருகின்றன. அதே கை, அதே சோறு; ஒயினும் விலையுயர்ந்த மீன்களும் மட்டும் குறையும். பெல்ட்டுக்கும் இதற்கும் உள்ள தூரம் முதல் துண்டிலேயே தெரியும். மதியக் கவுண்டருக்கும் கின்சா இரவுக்கும் உள்ள தூரத்தை உணர, நிறையச் சாப்பிட்டுப் பழகிய நாக்கு வேண்டும்.

இடைப்பட்ட ரகமும் உண்டு. பழைய மீன் சந்தை இருந்த சுகிஜியில் தொடங்கிய சுஷி சன்மாய் கடைகளில் ஆள் பிடித்துத் தரும் நிகிரியை ஒவ்வொன்றாக விலை பார்த்துக் கேட்கலாம். அதன் முதலாளி கியோஷி கிமுரா 2019 புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ சூரை மீன் ஒன்றை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு எடுத்தவர். சுகிஜியிலிருந்து டொயோசுவுக்குச் சந்தை மாறியபின் நடந்த முதல் புத்தாண்டு ஏலம் அது. முன்பதிவுத் தொல்லை வேண்டாம், மெஷின் சோறும் வேண்டாம் என்பவருக்கு இது பொருந்தும்.

நூடுல்ஸில் காசு ஏன் பேசுவதில்லை

சுஷியின் விலையைத் தீர்மானிப்பது மீன். நூடுல்ஸில் இருப்பது மாவு, எலும்பு, கருவாடு, அப்புறம் அடுப்படியில் நிற்கும் நேரம். எலும்புக் குழம்பில் மிதக்கும் கோதுமை நூடுல்ஸான ராமென் கிண்ணத்துக்கு ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்ற பயம் கடைக்காரர்களுக்கு வெகுகாலமாக இருந்தது. இப்போதுதான் மெல்ல உடைகிறது. சுகாமோவில் இருந்த ட்சூட்டா, 2015 டிசம்பரில் மிச்செலின் நட்சத்திரம் வாங்கிய முதல் ராமென் கடை. அப்போது அங்கேயும் ஒரு கிண்ணம் ஆயிரம் யென்னைச் சுற்றித்தான் இருந்தது. அந்த விலையில் நட்சத்திர சுஷியைக் கனவில்தான் காணலாம்.

ராமென் கடையில் வாசலிலேயே டிக்கெட் மெஷின் நிற்கும். எழுத்து புரியாவிட்டால் இடது மேல்மூலைப் பொத்தானை அழுத்துங்கள், வழக்கமாக அதுதான் கடையின் பெயர் சொல்லும் அயிட்டம். குழம்பு ஊருக்கு ஊர் மாறும்: டோக்கியோவின் பழைய பாணி சோயா குழம்பு, வடக்கே சப்போரோவுக்கு மிசோ என்ற புளித்த சோயா விழுது, தெற்கே ஹகாட்டாவுக்குப் பன்றி எலும்பைப் பால் நிறம் வரக் கொதிக்கவிட்ட டொன்கோட்சு. ஹகாட்டா ரகம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மெல்லிய நூடுல்ஸ் சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால் முதலில் கொஞ்சமாகத் தருவார்கள். குழம்பை மிச்சம் வைத்து "கயேதமா" என்று சொன்னால் புது நூடுல்ஸ் ஒரு கட்டு வந்து விழும். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும். உட்கார்ந்து கதை பேசுகிற இடம் இது இல்லை, வெளியே வரிசை நிற்கிறது.

குளிரும் பசியும் சேர்ந்து வாட்டும் இரவுக்கு ராமென். வெயில் காலத்துக்கு, பக்வீட் என்ற தானிய மாவில் செய்த ஜில்லென்ற சோபா நூடுல்ஸ். ரயில் நிலையங்களில் நின்றபடி சாப்பிடும் சோபா கடைகளில் 500 யென்னை ஒட்டி, காய்கறி பஜ்ஜி மிதக்கும் சூடான கிண்ணம் கிடைக்கும். உட்கார்ந்து சாப்பிட 1880-இல் தொடங்கிய கன்டா யாபு சோபா இருக்கிறது; 2013-இல் தீப்பிடித்து மறு வருஷம் திரும்பத் திறந்தார்கள். அளவு குறைவு, வயிறு நிறையாது. ஆனால் கடைசியில் சோபா வேகவைத்த கலங்கல் நீரைச் சூடாகக் கொண்டுவந்து வைப்பார்கள். மிச்சமிருக்கும் தொட்டுக்கொள்ளும் சாஸில் அதை ஊற்றிக் குடிக்க வேண்டும், அசல் வடிகஞ்சி மாதிரி. இதற்காகவே ஒருமுறை போகலாம்.

உடோனைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. தடித்த கோதுமை நூடுல்ஸ், குழந்தைகளுக்குப் பிடிக்கும், மருகாமே செய்மென் என்ற சங்கிலிக் கடையில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தால் வேலை முடிந்தது.

சைவம் சாப்பிடுகிறவருக்கு

சைவர்கள் சுஷியைக் கண்டு பயந்து நூடுல்ஸ் கடைக்குள் நுழைவதை அடிக்கடி பார்க்கிறேன். அது தலைகீழ். சுஷிக் கடையில் மீன் கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். நூடுல்ஸில் அது குழம்புக்குள் கரைந்திருக்கும். மேலே வெறும் கீரை போட்ட உடோனுக்கும் சோபாவுக்கும் அடிப்படை, காய்ந்து கட்டையான சூரை மீனைச் சீவிப் போட்டு இறக்கிய தண்ணீர். தொட்டுக்கொள்ளும் சாஸிலும் மிசோ சூப்பிலும் அதே. ராமெனில் பெரும்பாலும் பன்றியும் கோழியும்.

ஆகவே பெல்ட் கடைக்குப் போய் வெள்ளரிக்காய் உருட்டிய கப்பா மாகி, வேகவைத்த பச்சை சோயா, பொரித்த உருளைக்கிழங்கு, ஐஸ்க்ரீம் கேளுங்கள். பொரித்த டோஃபு பையில் சோறு அடைத்த இனாரியும் முட்டை சுஷியும் பார்வைக்குச் சாதுவாக இருக்கும். இரண்டிலும் பெரும்பாலும் அந்த மீன் தண்ணீர் சேர்ந்திருக்கும். ராமென் ஆசை தீரவில்லை என்றால் டோக்கியோ ஸ்டேஷனுக்குள் டீஸ் டான்டான் கடை இருக்கிறது. பால், முட்டைகூட இல்லாமல் எள்ளும் கடலையும் அரைத்த கெட்டிக் குழம்பு, காரம் நம் நாக்குக்கு ஏற்றது. கடை டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருப்பதால் ரயில் ஏறும் நாளிலோ இறங்கும் நாளிலோ வைத்துக்கொண்டால் தனி டிக்கெட் செலவு மிச்சம்.