பழைய காரின் ஸ்டீயரிங்: அலைன்மென்ட்டா, புஷ்ஷா, ரேக்கா?

கார் நேராக ஓடவில்லை என்று சொன்னால் பெரும்பாலான பட்டறைகளில் கிடைக்கும் முதல் பதில், ‘அலைன்மென்ட் பார்த்துவிடலாம்’ என்பதுதான். அதாவது, சக்கரங்கள் நிற்கும் கோணங்களை எந்திரத்தில் அளந்து திருத்துவது. கம்ப்யூட்டர் திரையில் எண்கள் பச்சையாக மாறியதும் கார் வெளியே வரும். சில நாட்களில் பழைய குணமும் திரும்பிவிடும். பதினைந்து, இருபது வயதான மாருதி 800, ஜென், எஸ்டீம் வைத்திருப்பவர்களுக்கும், இன்னும் அம்பாசடரையோ பத்மினியையோ காப்பாற்றி வருபவர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்த கதை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய காருக்கு அலைன்மென்ட் கடைசி வேலை. தேய்ந்த மூட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு, கார் பட்டறை வாசலைத் தாண்டி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கும் வரைதான் நிற்கும்.

குறையைப் பிரித்துப் பார்ப்பது

ஒரு பக்கம் இழுப்பது, நேர்ச் சாலையில் அலைவது, திருப்பிய பின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராமல் நிற்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்கள். மூன்றையும் ஒரே மருந்தால் தீர்க்க முயல்வதுதான் செலவைக் கூட்டுகிறது.

இழுக்கும் காரில் முதலில் டயரைச் சந்தேகிக்க வேண்டும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்றைச் சரிசெய்துவிட்டு, முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு மறுபக்கத்துக்கு மாறினால் குற்றவாளி டயர். ஸ்டீயரிங்கில் கை வைக்கவே வேண்டாம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2315 என்றிருந்தால் அது 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. குறைவாக ஓடும் பழைய கார்களில் டயரின் பட்டைக் கோடுகள் ஆழமாகவே இருக்கும். ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால், இடப்பக்கமாக ஓடும் கார் லேசாக இடதுபுறம் இறங்குவது இயல்பு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அலையும் காருக்கு இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, காரைத் தரையில் நிறுத்தியபடியே செய்வது. ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவுக்கு இடமும் வலமும் அசைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் டை ராடு எண்டின் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை மூட்டு) மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் தண்டு முதலில் நகர்ந்து, அதன் கூடு ஒரு கணம் கழித்து நகர்ந்தால் விரலில் சின்னதாக ஒரு தட்டு தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். அதே போல, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடமும் வலமும் நகரும் பற்கள் கொண்ட கம்பியான ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகளைப் பிடித்துப் பார்த்தால் உள்மூட்டின் நிலையும் புரிந்துவிடும்.

இரண்டாவது, ஜாக்கியில் தூக்கிச் செய்வது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துவிட்டுச் செய்யுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், உதவிக்கு இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால், சக்கரத்தை அதைத் தாங்கும் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் அல்லது அம்பாசடர் போன்ற வண்டிகளில் அதே வேலையைச் செய்யும் ஸ்விவல் பின் பகுதி. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டையோ ரேக்கையோ பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகளையும் அலைன்மென்ட் எந்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்திரம் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மட்டுமே சொல்லும். ஏன் அப்படி நிற்கிறது என்று சொல்லாது. மாருதி 800இல் டோவை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை, மட்டும்தான் திருத்த முடியும். காஸ்டரோ (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) கேம்பரோ (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) தவறாகக் காட்டினால், ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். எந்திரம் தரும் அளவுத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொள்வதால் பயனில்லை. காரணத்தைத் தேட வேண்டும்.

ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேன் புஷ்ஷா

உலோகப் பாகங்கள் சேரும் இடங்களில் மெத்தைபோல நிற்கும் புஷ்களில்தான் பழைய காரின் உயிர் இருக்கிறது என்பேன். மாருதி 800இன் முன்பக்க அமைப்பில், இரு பக்கங்களையும் இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாருக்கு இரட்டை வேலை. வளைவில் உடல் சாய்வதைக் குறைப்பதோடு, சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. அதன் முனைகளில் உள்ள புஷ்கள் நைந்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி நகரும். இரு பக்கமும் ஒரே அளவு நைவதில்லை என்பதால் ஒரு சக்கரம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் நகர்ந்து, கார் மூக்கைத் திருப்பும். பிரேக்கில்தான் கோளாறு என்று, பிரேக் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றுபவர்கள் உண்டு. கழற்ற வேண்டியது கையளவு ரப்பர் துண்டுகளை.

மாற்றுவது என்று முடிவானால் எதைப் போடுவது? பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள் இறுக்கமானது; எண்ணெய் பட்டாலும் ஊறாது; நீண்ட நாள் உழைக்கும். ஸ்டீயரிங் உடனே கூர்மையாகிவிட்டதை ஓட்டும்போதே உணரலாம். ஆனால் அது முறுக்கிக் கொடுக்காது, வழுக்கித்தான் அசையும். உயவு காய்ந்ததும் கீச்சிடத் தொடங்கும். சாலையின் ஒவ்வொரு கல்லையும் உடலுக்குக் கடத்தும். மாருதி 800 போல ஸ்டெபிலைசர் பார் பல கோணங்களில் அசைய வேண்டிய இடத்தில், மிக இறுக்கமான புஷ் அந்த அசைவைத் தடுத்து, அந்தச் சுமையை மெல்லிய உலோகத்தின் மேல் ஏற்றிவிடும். அன்றாடம் ஓட்டும் காருக்கு நல்ல தரமான ரப்பரையே தேர்ந்தெடுப்பேன். பாலியூரித்தேனுக்கு இடம் கொடுப்பதானால், பாரின் நடுப்பகுதியை உடலோடு பிடித்திருக்கும் கிளாம்ப் புஷ்களோடு நிறுத்திக்கொள்வேன்.

ரப்பர் புஷ் சீக்கிரம் போய்விடுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ரப்பர் அல்ல, அதைப் பொருத்திய விதம். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். கார் ஜாக்கியில் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே ரப்பர் முழுதாக முறுக்கிய நிலையில் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது மேலும் முறுக்கிக் கிழியும். போல்ட்டைத் தளர்வாக மாட்டி, காரை இறக்கி, முன்பகுதியை ஓரிரு முறை அழுத்திவிட்டு, எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். பட்டறையில் நின்று இதை மட்டும் கண்காணித்தாலே போதும். மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

ரேக்கை இறுக்குவதா, மாற்றுவதா

ஸ்டீயரிங்கோடு சுழலும் பினியன் என்ற சிறு பற்சக்கரம் ரேக்கை நகர்த்துவதுதான் ரேக் அண்ட் பினியன் அமைப்பு. இதில் ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் ரேக் பினியனோடு நெருக்கமாகப் பதியும், ஆட்டம் குறையும். ஐந்து நிமிட வேலை, உதிரிபாகச் செலவு கிடையாது. ஆட்டம் என்று சொன்னதும் பல இடங்களில் இந்தத் திருகைத்தான் தேடுகிறார்கள். பழைய காரில் இது ஆபத்தான குறுக்குவழி. நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால் ரேக்கின் பற்கள் நடுப்பகுதியில்தான் தேய்ந்திருக்கும். ஓரங்கள் புதிதாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்ப மறுக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத 800 ஓட்டுபவருக்கு இது கையில் உடனே தெரியும்.

தேய்மானம் லேசாக இருந்து, இறுக்கிய பிறகும் இரு எல்லைகள் வரை தடையின்றித் திரும்பினால் திருகு போதும். பற்கள் நல்ல நிலையில் இருந்து, ரேக் புஷ்ஷும் உள்மூட்டும் மட்டும் போயிருந்தால் போன பாகங்களை மட்டும் மாற்றி ரீகண்டிஷன் செய்வது சரியான முடிவு. பற்களே தேய்ந்திருந்தால் புதிய ரேக் ஒன்றுதான் வழி. சென்னையில் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய ரேக் தேடி வாங்குவது நான்காவது வழி. உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்குச் சில நேரம் வேறு போக்கும் இல்லை. அங்கே வாங்கும்போது ரேக்கை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை கையால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நடுவில் தளர்வாகவும் ஓரங்களில் கனமாகவும் வந்தால், உங்கள் காரில் இருக்கும் அதே தேய்மானத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். ரப்பர் உறை கிழிந்திருந்து உள்ளே கம்பியில் துருப்புள்ளிகள் தெரிந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. ஸ்டீயரிங் திரும்பி வராததற்கு ரேக்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன், பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சர்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல்முனையைப் பாருங்கள். சக்கரத்தைத் திருப்பும்போது ஸ்பிரிங்கின் மேல் கை வைத்தால், அந்த முனையில் உள்ள மவுண்ட் பேரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் முறுக்கேறிப் பிறகு ‘டங்’ என்று விடுபடுவது தெரியும். அது ரேக்கைவிட மிகக் குறைந்த செலவில் தீரும் குறை.

ஷாக் அப்சர்பரும் ஸ்பிரிங்கும்

இதில் நீண்ட விவாதமே தேவையில்லை. எண்ணெய் கசிந்த ஷாக் அப்சர்பரை வெட்டி, எண்ணெய் ஊற்றி, மீண்டும் வெல்டிங் செய்து தருகிறார்கள். வாயு நிரப்பிய வகையில் அந்த வாயு அப்போதே போய்விடுகிறது. உள்ளிருக்கும் வால்வுகளின் தேய்மானமும் அப்படியே இருக்கிறது. ஒரே அச்சின் இரு பக்கமும் புதிதாகப் போடுவதே சரி.

தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மாற்றாக, சுருள்களுக்கு இடையே செருகும் ரப்பர் பஃபர்கள் கிடைக்கின்றன. காரின் உயரம் கூடும். வேகத்தடையில் அடிப்பகுதி இடிக்காது. அதனால் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அது செருகிய சுருள்களின் வேலையை நிறுத்தி, மீதிச் சுருள்களை அளவுக்கு மீறி வளைய வைக்கிறது. ஸ்பிரிங் கடினமாவதால் பழைய ஷாக் அப்சர்பரால் அதை அடக்க முடியாமல் கார் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குச் சாலையில் பிடி ஏது? புதிய ஸ்பிரிங் ஜோடி கிடைக்கும் வரை தாக்குப்பிடிக்க மட்டும் இதை ஏற்கலாம்.

அம்பாசடரும் பத்மினியும்

இந்த இரண்டுக்கும் கணக்கே வேறு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அம்பாசடரின் முன்பக்கத்தில் முறுக்குக் கம்பி ஸ்பிரிங், ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். பின்பக்கத்தில் இலை ஸ்பிரிங். இதில் உதிரிபாகம் மாற்றுவதற்கும் கிரீஸ் அடிப்பதற்கும் இடையேதான் போட்டி, ஜெயிக்க வேண்டியது கிரீஸ். ஒழுங்காகக் கிரீஸ் வைத்துவந்த ட்ரனியன்கள் (ஸ்விவல் பின்னின் முனைகளில் உள்ள மூட்டுகள்) வெகுகாலம் உழைக்கும். காய விட்டவை சீக்கிரமே ஆடத் தொடங்கும். சக்கரத்தைத் தூக்கிவிட்டு, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும்.

ஃபியட் 1100இன் வழித்தோன்றலான பத்மினியில் ரேக் கிடையாது. திருகு போன்ற பல்லால் இயங்கும் வார்ம் வகை ஸ்டீயரிங் பாக்ஸ். பாக்ஸிலிருந்து இரு சக்கரங்களுக்கும் போகும் வழியில் மூட்டுகள் அதிகம் என்பதால், ஒவ்வொன்றிலும் இருக்கும் சிறிய ஆட்டம் கூடிக்கொண்டே போய் ஸ்டீயரிங்கில் பெரிதாகத் தெரியும். பாக்ஸை இறுக்கும் முன், அதற்கு மறுபக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்மையும் எல்லா மூட்டுகளையும் பார்த்தாக வேண்டும். நடுவில் தேய்ந்து ஓரத்தில் பிடிக்கும் அதே சிக்கல் இந்தப் பாக்ஸுக்கும் உண்டு.

எந்த வரிசையில் செலவழிப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். கூலி ஒரு முறையோடு முடியும், அலைன்மென்ட்டும் ஒரு முறைதான். கார் நீண்ட காலம் நின்று ரப்பர் எல்லாம் வெடித்திருந்தால் அதுவே நல்லது. தினமும் ஓடும் காருக்கு நான் படிப்படியாகப் போவதையே விரும்புவேன்: டயர், பிறகு பால் ஜாயின்ட்டும் டை ராடு எண்டும், பிறகு புஷ்கள், ஷாக் அப்சர்பர், தேவைப்பட்டால் ரேக், இறுதியில் அலைன்மென்ட். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்தால் எது நோய் என்று தெரிந்துவிடும். தேவையில்லாத செலவும் மிச்சமாகும். டை ராடு எண்டை மாற்றும்போது பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே சுற்றில் மாட்டினால் அலைன்மென்ட் கடை வரை பத்திரமாக ஓட்டிப் போகலாம். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் புதிதாகப் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தனியார் கார்களின் பதிவை 15 ஆண்டுகள் முடிந்ததும் தகுதிச் சோதனைக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டியிருப்பதால், பலரும் அந்த நேரத்தில்தான் இந்தச் செலவில் இறங்குகிறார்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி. லோயர் ஆர்மும் ஸ்டெபிலைசர் பாரும் உடலோடு சேரும் இடங்களைச் சுத்தம் செய்து, ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனால் புஷ், ரேக் எதையும் வாங்க வேண்டாம். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யத் தெரிந்த ஒருவரிடம் முதலில் காரைக் காட்டுங்கள்.