மெக்காலே முறை: 12 வருடப் பயன்பாட்டு அனுபவம்

வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கட்டமைப்பு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணினியில் மென்பொருள் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் ஒரு பீம் எவ்வளவு தொய்யும், தாங்கியில் எவ்வளவு சாயும் என்று பார்க்க 12 வருடமாக நான் முதலில் எடுப்பது பென்சிலும், அதைக் கையால் கணக்கிடும் மெக்காலே முறையும்தான்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. வளைவுத் திருப்பத்தை, அதாவது சுமை பீமை வளைக்கும் அளவை, பீமின் விறைப்பால் வகுத்து ஒரு முறை தொகையிட்டால் சாய்வு, இன்னொரு முறை தொகையிட்டால் தொய்வு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பீமில் ஒரு சுமை வரும் இடத்தில் திருப்பச் சமன்பாடு மாறிவிடும். மூன்று சுமை இருந்தால் நான்கு துண்டு, துண்டுக்கு இரண்டு மாறிலி, மொத்தம் எட்டு. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் நான் அப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதினேன். மெக்காலே முறையில் எத்தனை சுமை வந்தாலும் ஒரே சமன்பாடு, இரண்டே மாறிலி. சுமை இருக்கும் தூரத்தைக் கழித்து ஓர் அடைப்புக்குள் வைக்கிறோம். உள்ளே விடை மறையாக வந்தால் அந்த உறுப்பையே பூச்சியமாக எடுக்கிறோம். வில்லியம் ஹெரிக் மெக்காலே இதை 1919இல் எழுதினார். கருவை ஜெர்மனியரான கிளெப்ஷ் 1862இலேயே தொட்டிருந்தார்.

அண்மையில் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையின் மேல்தட்டுக்குப் பார்த்த உருக்கு பீமையே சொல்கிறேன். ஸ்பான், அதாவது தாங்கிக்குத் தாங்கி தூரம், 6 மீற்றர், இரு முனையிலும் பீம் சாய்வதைத் தடுக்காத சாதாரணத் தாங்கி, இடமிருந்து 4 மீற்றரில் 40 கிலோநியூட்டன் சுமை. சொந்த நிறையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். யங்கின் மட்டையும் (பொருளின் விறைப்பு) சடத்துவத் திருப்பத்தையும் (வெட்டுமுக வடிவத்தின் பங்கு) பெருக்கினால் பீமின் விறைப்பு 16,400 கிலோநியூட்டன் சதுர மீற்றர். இடது தாங்கி மேல்நோக்கித் தரும் மறுதாக்கம் 13.33 கிலோநியூட்டன். இரண்டு முறை தொகையிட்டு, இரு முனையிலும் தொய்வு பூச்சியம் என்று போட்டால், ஒரு மாறிலி பூச்சியம், மற்றது மறை 71.11. இடது முனைச் சாய்வு 0.0043 ஆரையன். சாய்வு பூச்சியமாகும் இடம் 3.27 மீற்றர், அங்கே தொய்வு 9.44 மில்லிமீற்றர். சுமைக்கு நேர் கீழே 8.67தான்.

நடு ஸ்பானில் பார்த்தால் 9.35. உச்சத் தொய்வுக்கும் இதற்கும் ஒரு வீதம்கூட வித்தியாசம் இல்லை. சுமையை எவ்வளவு ஓரத்துக்குத் தள்ளினாலும், இப்படித் தாங்கிய பீமில் ஒரு புள்ளிச் சுமைக்கு உச்சத் தொய்வு நடுவிலிருந்து ஸ்பானின் 8 வீதத்துக்கு அப்பால் போகாது. இது விளங்கிய நாளிலிருந்து அவசரத்துக்கு நடு ஸ்பானை மட்டும் பார்க்கிறேன், இதுவரை அது போதுமானதாகவே இருந்திருக்கிறது.

இதே பீமை மென்பொருளில் போட்ட பயிற்சித் தம்பி, "அண்ணா, 0.94 மில்லிமீற்றர்தான் வருது, இன்னும் சின்ன பீம் போடலாம்" என்றார். என் தாளில் 9.44 இருந்தது. இருவரும் உட்கார்ந்து தேடினோம். யங்கின் மட்டில் ஒரு பூச்சியம் கூடியிருந்தது. படம் அழகாகத்தான் வளைந்திருந்தது, அதைப் பார்த்து யாரும் பிழை கண்டுபிடிக்க முடியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. பரவிய சுமை பாதியில் நின்றால் சமன்பாடு தானாக நிற்காது. சுமையைக் கடைசி வரை நீட்டிவிட்டு, நின்ற இடத்திலிருந்து அதே அளவு சுமையை மேல்நோக்கிப் போட வேண்டும். முதல் இரண்டு வருடத்தில் இதை இரண்டு தடவை மறந்திருக்கிறேன். தொகையிடும்போது அடைப்பை விரித்து எழுதினாலும் எல்லாம் கலைந்துவிடும், அதை அப்படியே முழுதாக விட வேண்டும்.

தொய்வை எல்லோரும் பார்க்கிறார்கள், சாய்வைத்தான் விட்டுவிடுகிறார்கள். கடல் பார்க்கும் பக்கம் பல்கனி நீட்டாத அடுக்குமாடி கொழும்பில் குறைவு. நீட்டிய பீமைத் தனிக் கன்டிலீவராக, அதாவது ஒரு முனையில் மட்டும் இறுகப் பிடித்த பீமாக எடுத்து, பிடித்த முனை சாயாது என்று வைத்துக் கணக்குப் போடுவது பெரிய பிழை. உள்ளே 4 மீற்றர் ஸ்பான் சாதாரணத் தாங்கிகளில் இருந்து, வெளியே 1.5 மீற்றர் நீண்டிருந்தால், நுனியில் வரும் சுமைக்குத் தொய்வு அந்தத் தனிக் கன்டிலீவர் விடையைப்போல 3.7 மடங்கு. தாங்கியில் பீம் சாய்கிறது, அந்தச் சாய்வு நீட்டத்தின் நீளத்தால் பெருகி நுனிக்கு வருகிறது. அதே காரணத்தால் உள் ஸ்பானில் சுமை ஏறும்போது நுனி மேலே எழும்பும். மெக்காலேயில் சாய்வு வழியிலேயே கிடைத்துவிடுகிறது, தனியாகத் தேட வேண்டியதில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கொங்கிரீட்டில் கவனம் வேண்டும். தெஹிவளையில் ஒரு வீட்டுக்கு நான் கணக்குப் போட்ட பீமின் கீழே அலுமினியம் தள்ளுகதவு வைத்தார்கள். ஒன்றரை வருடத்தில் கதவு இறுகிவிட்டது. வெடிப்பு விழாத முழு வெட்டுமுகத்தை எடுத்திருந்தேன், நீண்டகால ஊர்வையும் சேர்க்கவில்லை. கணிதம் சரி, நான் கொடுத்த எண் சரியில்லை. நிரந்தரச் சுமையில் கொங்கிரீட் வருடக்கணக்கில் ஊர்ந்து, முதல் நாள் தொய்வைப்போல இரண்டு, மூன்று மடங்குக்குப் போகும். அந்த வீட்டுக்காரரிடம் போய் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு கதவு, கண்ணாடி வரும் இடமெல்லாம் மேலே இடைவெளி எவ்வளவு என்று வரைபடத்திலேயே எழுதிவிடுகிறேன். ஸ்பானுக்கும் பயனுறு ஆழத்துக்கும் (மேல் விளிம்பிலிருந்து கீழ்க் கம்பிகளின் மையம் வரை) பீ.எஸ். 8110 என்ற பிரித்தானியக் கொங்கிரீட் விதிக்கோவை தரும் அடிப்படை விகிதத்தையும், சாதாரண பீமுக்கு 20, கன்டிலீவருக்கு 7, கூடவே பார்க்கிறேன்.

நேரான கன்டிலீவருக்கு, திருப்ப வரைபடத்தின் பரப்பளவிலிருந்து சாய்வும் தொய்வும் எடுக்கும் மோரின் பரப்பளவு முறை இன்னும் சுருக்கம், அங்கே மெக்காலேயைத் தொடுவதில்லை. மூன்று நான்கு ஸ்பான் தொடரும் பீமுக்கு மென்பொருள்தான். அப்போதும் ஒரு ஸ்பானைத் தனியாகப் பிரித்து, மென்பொருள் தந்த முனைத் திருப்பங்களை இரு பக்கமும் போட்டு, நடுத் தொய்வைக் கையால் ஒரு தடவை பார்த்த பிறகே வரைபடத்தில் கையெழுத்து வைக்கிறேன்.