அப்போஸ்டிலா, தூதரக அட்டெஸ்டேஷனா?

வெளிநாட்டில் காட்டும் சான்றிதழை உண்மையானது என்று அரசு உறுதிசெய்யும் இரண்டு வழிகள் இவை. இந்தியப் பட்டச் சான்றிதழுக்கு இரண்டில் எது வேண்டும் என்பது நீங்கள் படிக்கப் போகும் நாட்டைப் பொறுத்தது. பிரான்ஸ், இத்தாலி போன்ற ஹேக் உடன்படிக்கை நாடுகளுக்கு (ஒன்றின் அப்போஸ்டிலை மற்றொன்று ஏற்பதாக ஒப்புக்கொண்டவை) அப்போஸ்டில். கத்தார், அமீரகத்துக்குத் தூதரக அட்டெஸ்டேஷன். ஜெர்மனியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த நாடு உடன்படிக்கையில் இருந்தும், அதில் இந்தியா சேர்ந்ததை ஆட்சேபித்தது. அதனால் நம் அப்போஸ்டில் அங்கே செல்லாது.

தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்: மாநிலக் கல்வித் துறையின் முத்திரை, பிறகு வெளியுறவு அமைச்சகம். அப்போஸ்டில் அத்துடன் முடிந்துவிடும். சான்றிதழின் பின்புறம் எண்ணுள்ள ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். அரசுக் கட்டணம் 50 ரூபாய். முகவர் கூலி தனி. அட்டெஸ்டேஷனில் இதற்கு மேல் தூதரக முத்திரை வேண்டும், அந்த நாட்டில் இறங்கியபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வேண்டும். பணமும் நாளும் கரைவது இங்கேதான்.

லேமினேட் செய்த சான்றிதழில் முத்திரை பதியாது, ஸ்டிக்கர் ஒட்டாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் உரிக்க முயன்று மை பெயர்ந்தால் பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழ் வாங்க வேண்டியதுதான்.

இன்னொன்று: இரண்டுமே கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மட்டுமே சொல்கின்றன. பட்டத்தின் தகுதி இணைமைக்கு, அதாவது அது அந்த நாட்டுப் பட்டத்துக்குச் சமம் என்ற ஏற்புக்கு, தனி விண்ணப்பம்.