சீரியல் ரீப்ளேஸ்மென்ட் ஆடிஷனுக்கு போயா பிஒய்-எம்1 காலர் மைக்

‘இவருக்குப் பதில் இவர்’ என்று கார்டு போடும் வாய்ப்புக்கு ஆடிஷன் வீடியோ அனுப்பும் பலர், முதல் செலவாக ரிங் லைட் வாங்குகிறார்கள். ஜன்னல் வெளிச்சமே முகத்துக்குப் போதும். காசை மைக்கில் போடுங்கள். எதிர்நீச்சல் சீரியலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தபின், அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அந்தப் பாத்திரத்தின் அதட்டலெல்லாம் பேச்சில்தான் இருந்தது. அப்படியொரு இடத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டுதான் வீடியோவைப் போடுவார்கள்.

ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு இந்த மைக் நன்றாகவே உழைக்கிறது. ஆறு மீட்டர் வயர் இருப்பதால், முழு உருவம் தெரியப் பின்னால் தள்ளி நின்றாலும் குரல் அருகிலேயே கேட்கும். வயரில் உள்ள சின்னப் பெட்டியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. போனில் எடுக்கும்போது அது ஸ்மார்ட்போன் பக்கம் இருக்க வேண்டும். அப்போது பேட்டரி தேவையில்லை. கேமராவில் எடுத்தால் மட்டும் எல்ஆர்44 பட்டன் செல் போட்டு மறுபக்கம் தள்ளுங்கள்.

அடிக்கடி சொதப்புவது போனில் செருகும் பின்னில்தான். போன் கவர் தடிமனாக இருந்தால் 3.5 மி.மீ. பின் முழுசாக உள்ளே போகாது. போன் தன்னுடைய மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. கவரைக் கழற்றி, ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, மைக் தலையை நகத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ‘டொக்’ என்று பலமாக விழுந்தால் சரி. சில ஆண்ட்ராய்டு போன்களின் கேமரா ஆப் வெளி மைக்கை எடுக்காது. வேறு வீடியோ ஆப் போட வேண்டிவரும். டைப்-சி மட்டும் உள்ள போனுக்கு அடாப்டர் தனிச் செலவு.

தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நடுவில் மாட்டுங்கள். கஞ்சி போட்ட காட்டன் சேலையும் பட்டும் சரசரக்கும், மைக்கை உரசாதபடி முந்தானையைப் பின் குத்திவிடுங்கள். செயின் மைக்கில் இடித்தால் அந்த டேக் வீண். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் சீனில் கை போகும் இடத்தை முன்கூட்டியே பார்த்து, மைக்கைப் பக்கவாட்டில் தள்ளிவையுங்கள்.

இதன் பெரிய குறை, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க மைக்கில் வழி கிடையாது. மாமியாரை எதிர்த்துக் கத்தும் வசனத்தில் குரல் கிழியும். இரண்டு சாண் கீழே இறக்கினால் ஓரளவு அடங்கும். எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் இழுப்பதால், மின்விசிறியை நிறுத்தாமல் எடுக்கவே எடுக்காதீர்கள். எதிர் வசனம் படிப்பவர் போனுக்குப் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் படிக்கட்டும்; இல்லாவிட்டால் அவர் நடித்த மாதிரிதான் கேட்கும்.

பழைய நடிகரின் இழுப்பை அப்படியே பிடிக்க வேண்டாம். கடைசி இரண்டு வார எபிசோடுகளைப் பார்த்து, அந்தப் பாத்திரம் யாரை ‘அத்தை’ என்கிறது, யாரிடம் ‘வாங்க’, யாரிடம் ‘வா’ என்று குறித்துக்கொள்ளுங்கள். மைக் தெளிவாக இருக்கும்போது அந்த இடத்தில் வரும் தடுமாற்றமும் தெளிவாகவே கேட்கும்.